எடைத் தராசுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் நடுவே

1980களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் மாதம் ஒருமுறை நடந்த காரியம் இது. உத்தரத்தில் தராசு தொங்கும். ஒன்றரை வயதுக் குழந்தையைத் துணியில் உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டுவார்கள். குழந்தை வீறிட்டு அழும். ஊட்டச்சத்துப் பணியாளர் முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து எடையைப் படிப்பார், வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். போன மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் கோட்டால் இணைப்பார். கோடு மேலே ஏறினால் நிம்மதி. படுத்துக்கிடந்தாலோ சரிந்தாலோ தாயை உட்காரவைத்து அட்டையைக் காட்டிப் பேசுவார்.

தாய் வீட்டுக்குத் திரும்புகிறார். அன்று இரவு அந்தக் குழந்தையின் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டிப் பருப்பு விழுகிறதா?

விழ வேண்டுமானால் வரிசையாகப் பல காரியங்கள் கைகூட வேண்டும். பணியாளர் அட்டையைச் சரியாகப் படித்திருக்க வேண்டும். சொன்னது தாய்க்குப் புரிந்திருக்க வேண்டும், நம்பத் தோன்றியிருக்க வேண்டும். வீட்டில் பருப்பு இருக்க வேண்டும். வேலைக்குப் போய்க் களைத்துத் திரும்பிய பிறகும் குழந்தையை மடியில் வைத்து ஊட்ட நேரம் இருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு பரிமாறுவது என்பதை முடிவு செய்யும் உரிமையும் அந்தத் தாயின் கையில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அட்டையில் வைத்த புள்ளி வெறும் புள்ளிதான்.

ஒரு திட்டம் செய்யப்போகும் வேலைக்கும் அது கொண்டுவர விரும்பும் மாற்றத்துக்கும் நடுவே உள்ள கண்ணிகளை ஒன்றுவிடாமல் எழுதி, ஒவ்வொரு கண்ணியும் எதை நம்பித் தொங்குகிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவைப்பதற்கு மாற்றக் கோட்பாடு என்று பெயர். தொண்டு நிறுவனங்களிலும் அரசுத் துறைகளிலும் இன்று இந்தச் சொல் அடிபடாத கூட்டம் குறைவு. ஆனால் பெரும்பாலும் அது கட்டங்களும் அம்புக்குறிகளும் கொண்ட ஒரு படமாக முன்மொழிவின் பின்னிணைப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அம்புக்குறிகளின்மேல்தான் நம் கவனம் முழுவதும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கட்டங்களை யாரும் நிரப்பிவிடலாம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறோம் என்று சொல்லும்போதுதான் திட்டம் தன் உண்மை முகத்தைக் காட்டுகிறது.

தராசுக் கதைக்கே திரும்புகிறேன். அது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கியின் கடனுதவியோடு 1980இல் தொடங்கியது. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் நடத்திப் பார்த்துவிட்டுப் பிறகு விரிவாக்கினார்கள். முதல் கட்டம் முடிவதற்குள் சுமார் 9,000 கிராம மையங்கள் வந்துவிட்டன.

திட்டத்தை வகுத்தவர்கள் கையில் 1970களில் நடந்த ஆய்வுகள் இருந்தன. மாநிலத்தில் அதற்கு முன்பும் உணவு கொடுக்கும் திட்டங்கள் பல நடந்துகொண்டிருந்தன. ஆனால் அந்த உணவு பெரும்பாலும் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கே போய்ச் சேர்ந்தது. சத்துக் குறைவு உயிரைக் குடிக்கும் பருவமோ ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை. வீட்டுக்குக் கொண்டுபோன உணவைக் குடும்பமே பங்கிட்டுக்கொண்டது. எனவே அவர்கள் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார்கள். குழந்தை மெலிவதற்கு வறுமை மட்டும் காரணமில்லை, எப்போது, எதை, எத்தனை முறை ஊட்டுவது என்ற பழக்கத்திலும் பெரும்பங்கு இருக்கிறது. ஆகவே தாயின் அறிவை மாற்றினால் குழந்தையின் எடை மாறும் என்பது அந்த முடிவு. இந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் திட்டம் முழுவதும் நின்றது.

அதிலிருந்து மற்றவை பிறந்தன. எல்லாக் குழந்தைகளுக்கும் உணவு கொடுக்கவில்லை. மாதாமாதம் எடை போட்டு, யாருடைய எடை ஏறாமல் நிற்கிறதோ அவர்களுக்கு மட்டும் சத்துமாவு உருண்டை, அதுவும் 90 நாள் கணக்கில். தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். உருண்டை மருந்தைப் போல வந்து போக வேண்டும், தாய் கற்ற பழக்கம் வீட்டில் தங்க வேண்டும் என்பது கணக்கு. பணியாளரைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பார்த்தால் அந்தச் சிந்தனையின் நுணுக்கம் தெரியும். அதே ஊரைச் சேர்ந்த பெண்ணாக இருக்க வேண்டும். ஏழை வீட்டுப் பெண்ணாக இருந்தும் தன் குழந்தையை நல்ல திடமாக வளர்த்திருந்தால் அவருக்கு முன்னுரிமை. "எங்களுக்கு எங்கே வசதி" என்று ஒரு தாய் கேட்டால், பதில் அந்தப் பணியாளரின் இடுப்பிலேயே இருக்கும். பத்துப் பணியாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் என்று நெருக்கமாக வைத்தார்கள். ஒவ்வொரு ஏற்பாட்டுக்குப் பின்னும் 'ஏனென்றால்' என்ற சொல் இருந்தது. மாற்றக் கோட்பாடு என்ற பெயர் அப்போது அவர்களிடம் இல்லை, பொருள் இருந்தது.

திட்டப் பகுதிகளில் கடுமையான சத்துக் குறைவு கணிசமாகக் குறைந்தது. உலக அளவில் இது பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. இதே அச்சில் வார்த்த வங்கதேச ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1995இல் தொடங்கி 2002 வரை நடந்தது. அங்கும் ஊர்ப் பெண்ணே பணியாளர். மாதாமாதம் எடை போடுதல். தாய்மாருக்கு ஆலோசனை. அரிசி, பருப்பு, வெல்லப்பாகு, எண்ணெய் கலந்து உள்ளூர்ப் பெண்களே தயாரித்த பொட்டலங்கள்; மெலிந்த கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி.

முடிவு ஏமாற்றமாக இருந்தது. 2003இல் பிரிட்டனின் 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பு வெளியிட்ட அறிக்கை, திட்டம் நடந்த ஊர்களுக்கும் நடக்காத ஊர்களுக்கும் குழந்தைகளின் சத்துநிலையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்றது. உலக வங்கி அதை ஒப்புக்கொள்ளவில்லை. சர்ச்சை வலுத்தது. வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவு தனியாக ஆராய்ந்து 2005இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அந்த ஆய்வில் ஈடுபட்ட ஹோவர்டு ஒயிட், எடோவார்டோ மாசெட் ஆகிய இருவரும் பிறகு அதை ஆய்விதழிலும் விரிவாக எழுதினார்கள். பலன் இருந்தது, ஆனால் மிகச் சிறிது என்பதுதான் அவர்கள் கண்டதும்.

அதோடு அவர்கள் நிறுத்தியிருந்தால் இன்று அந்த ஆய்வை யாரும் நினைவுகூர மாட்டார்கள். பலிக்கவில்லை என்றால் எங்கே அறுந்தது என்று கேட்டார்கள். திட்டத்தின் சங்கிலியைத் தாளில் வரைந்து, கண்ணி கண்ணியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

முதல் கண்ணி: சரியான ஆளிடம் பேசுகிறோமா? திட்டம் தாய்மாரிடம் பேசியது. வங்கதேசக் கிராமங்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் அடுப்படியின் அதிகாரம் மாமியார் கையில். என்ன வாங்குவது, யாருக்கு எவ்வளவு பரிமாறுவது என்ற இரண்டு முடிவுகளிலும் இளம் தாய்க்குச் சொற்பப் பங்குதான். மாமியாரோடு சேர்ந்து வாழும் பெண்கள், குறிப்பாகக் கட்டுப்பாடு மிகுந்த பகுதிகளில், திட்டத்தின் கூட்டங்களுக்கு வருவதே குறைவு என்பதும் கணக்கில் தெரிந்தது. தமிழ்நாட்டில் 'தாய்க்குத் தெரிந்தால் குழந்தைக்குக் கிடைக்கும்' என்று ஓரளவு நம்ப முடிந்தது. அந்த நம்பிக்கை பெட்டியில் அடைபட்டு வங்கதேசத்துக்குப் போனபோது, அது நம்பிக்கை என்பதே மறந்துவிட்டது.

இரண்டாவது கண்ணி: சொன்னது மனத்தில் ஏறியதா? ஏறியது. கேள்வி கேட்டால் தாய்மார் சரியான பதில் சொன்னார்கள். மூன்றாவது கண்ணி: ஏறியது நடப்பில் வந்ததா? பெருமளவு வரவில்லை. தெரியும், ஆனால் நேரமில்லை. தெரியும், ஆனால் வாங்கக் காசில்லை. ஆலோசனையின் அடியில் வறுமை அப்படியே கிடந்தது.

அடுத்தது உணவுப் பொட்டலம். மையத்தில் 600 கலோரி சாப்பிட்ட கர்ப்பிணி, வீட்டில் வழக்கமாகச் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டால் கூடுதல் என்று எதுவும் இல்லை. சில பொட்டலங்கள் வேறு வாய்களுக்கும் போயின. வயிற்றுப்பிள்ளை பெரிதானால் பிரசவம் கடினமாகும் என்று கர்ப்ப காலத்தில் உணவைக் குறைக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. மிகவும் மெலிந்த பெண்களிடம் மட்டும் அந்த உணவின் பலன் குழந்தையின் பிறப்பு எடையில் தென்பட்டது.

ஒரு கண்ணியில் கொஞ்சம் ஒழுகினால் பரவாயில்லை. ஐந்து கண்ணிகளில் ஒவ்வொன்றிலும் பாதி ஒழுகினால் கடைசிக்கு எதுவும் வந்து சேராது. 100 தாய்மாரில் பாதிப் பேர் கூட்டத்துக்கு வருகிறார்கள், அதில் பாதிப் பேருக்குப் புரிகிறது, அதில் பாதிப் பேரால் செய்ய முடிகிறது என்று வைத்துக்கொண்டால், 100இல் 12 அல்லது 13 குழந்தைகளின் தட்டில்தான் மாற்றம். களத்தில் யாரும் சோம்பியிருக்கவில்லை; அத்தனை உழைப்புக்கும் கிடைப்பது அவ்வளவுதான்.

அறிவியல் தத்துவ அறிஞர் நான்சி கார்ட்ரைட் இந்த இரு நாட்டு அனுபவத்தைத் தன் எழுத்துகளில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறார். ஓரிடத்தில் பலித்தது என்பது உண்மையாகவே இருக்கலாம். இன்னோரிடத்தில் பலிக்குமா என்பதற்கு அது மட்டும் சான்றாகாது. முதல் இடத்தில் அந்தச் செயலுக்குக் கைகொடுத்த துணைக் காரணிகள் இரண்டாவது இடத்திலும் இருக்கின்றனவா என்று தேடியாக வேண்டும். தாயின் கையில் கரண்டி இருந்தது என்பது தமிழ்நாட்டில் ஒரு துணைக் காரணி. அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததால்தான் யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்தச் சிந்தனைக்கு வயது அதிகம். 1967இலேயே அமெரிக்க மதிப்பீட்டாளர் எட்வர்டு சக்மன் தோல்வியை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். நினைத்ததைச் செய்யாமல் விட்டது ஒன்று. செய்தும் நினைத்தது நடக்காதது மற்றொன்று. முன்னதற்கு மருந்து நிர்வாகத்தைச் சீர்செய்வது. பின்னதற்கு நிர்வாகத்தை எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை, கருத்தே தவறு. கூட்டங்களில் நான் அதிகம் பார்ப்பது இரண்டாவது நோய்க்கு முதல் மருந்து கொடுப்பதைத்தான். பலன் வரவில்லை என்றதும் பணியாளருக்கு மறுபயிற்சி, கூடுதல் பதிவேடு, கூடுதல் மேற்பார்வை. அந்தப் பணியாளர்கள்மேல் எனக்கு ஆழ்ந்த பரிவு உண்டு.

1969இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்காக, ஒரு திட்டத்தை ஒரே தாளில் சுருக்கிக் காட்டும் 'லாக்ஃபிரேம்' என்ற அட்டவணை உருவானது. இடமிருந்து வலமாகவும் கீழிருந்து மேலாகவும் நான்கு நான்கு கட்டங்கள். அதன் கடைசிப் பத்தி அனுமானங்களுக்கு உரியது. நல்ல எண்ணத்தோடு வைத்த பத்தி அது. நடைமுறையில் 'மழை பொய்க்காது', 'அரசியல் நிலை சீராக இருக்கும்' என்று எழுதி முடித்துவிடும் இடமாகிப்போனது. வெளியுலகத்தின்மேல் பழி போட ஒரு பத்தி கிடைத்தது. திட்டத்தின் உள்ளே இருக்கும் நம்பிக்கைகளுக்கு இடம் கிடைக்கவில்லை.

மாற்றக் கோட்பாடு என்ற பெயரைப் பரவலாக்கியவர் ஹார்வர்டு பேராசிரியர் கேரல் வெய்ஸ். ஏழைக் குடியிருப்புகளில் வேலைவாய்ப்பு, பள்ளி, வீட்டுவசதி என எல்லாவற்றையும் ஒருசேரத் தொட்ட திட்டங்களை அளப்பது எப்படி என்று அமெரிக்காவின் ஆஸ்பென் ஆய்வு நிறுவனம் கூட்டிய வட்டமேசைக் குழு திணறியபோது, 1995இல் அவர் எழுதிய கட்டுரையே திருப்பம். திட்டம் எந்த நம்பிக்கைகளின்மேல் நிற்கிறதோ அவற்றை வெளியே கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் சோதியுங்கள் என்றார். அதற்கும் முன்னால், 1972இலேயே அவர் காட்டிய ஓர் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆசிரியர்கள் மாணவர்களின் வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்று ஒரு திட்டம். ஏன் படிப்பார்கள்? வீட்டு நிலையைப் பார்த்த ஆசிரியருக்குப் பிள்ளையின்மேல் பரிவு கூடுவதாலா? பெற்றோருக்குப் பள்ளிமேல் அக்கறை பிறப்பதாலா? பிள்ளையின் உடல்நலக் குறையோ வீட்டுத் தொல்லையோ ஆசிரியர் கண்ணில் படுவதாலா? செயல் ஒன்றுதான். வழிகள் பல. எந்த வழியை நம்புகிறோம் என்று தெரிந்தால்தான், போன ஆசிரியர் திண்ணையில் ஐந்து நிமிடம் நின்று கையெழுத்து வாங்கிவந்தால் போதுமா, உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச வேண்டுமா என்பதே தெரியும்.

திட்டமிடும்போது இதை எப்படிச் செய்வது? கடைசியிலிருந்து தொடங்குவதே வழக்கம். ஐந்தாண்டுக்குப் பிறகு யாருடைய வாழ்வில் எது மாறியிருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும், அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கி வருவது. முன்னோக்கிப் போனால் நாம் ஏற்கெனவே செய்யத் தெரிந்த வேலையிலிருந்து கிளம்பி, விரும்பிய இடத்துக்கு எப்படியோ ஓர் அம்பு போட்டுவிடுவோம். பயிற்சி நடத்தத் தெரிந்த நிறுவனத்துக்கு எல்லா நோய்க்கும் பயிற்சியே மருந்தாகத் தெரியும்.

சங்கிலி வந்ததும் ஒவ்வொரு அம்பின்மேலும் கேட்கிறோம்: இந்த இடத்தில் முடிவெடுப்பவர் யார்? அவருக்கு இதனால் என்ன செலவு, எவ்வளவு நேரம், என்ன வசவு? இது நடக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்? இதுவரை நடக்காமல் இருந்ததற்கு யாராவது காரணம் சொல்லியிருக்கிறார்களா? பதில்களைச் சான்று உள்ளவை, அனுபவத்தில் கண்டவை, வெறும் நம்பிக்கை என்று பிரித்தால், மூன்றாவது குவியலே பெரிதாக இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் ஆறு மாதத்தில் எதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்தக் குவியலே பட்டியல்.

மதிப்பீட்டில் இதன் பயன் இன்னும் கூர்மையானது. கென்யக் கிராமப் பள்ளிகளில் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்து ஆராய்ந்தார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. அங்கேயே நின்றிருந்தால் பாடநூலால் பயனில்லை என்று ஆகியிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால், ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகளின் மதிப்பெண் மட்டும் உயர்ந்திருந்தது. நூல்கள் ஆங்கிலத்தில். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. புத்தகம் கைக்கு வந்தது, படிக்க முடியவில்லை.

சங்கிலி கையில் இருந்தால் எதை எப்போது அளப்பது என்பதும் தெளிவாகிறது. ஓராண்டு முடிந்ததும் குழந்தைகளின் உயரத்தை அளந்துவிட்டு மாற்றமில்லை என்று கைவிரிப்பது அநியாயம். அந்த நேரத்தில் பார்க்க வேண்டியது, பணியாளர் அட்டையைச் சரியாகப் படிக்கிறாரா, மாமியார் கூட்டத்துக்கு வந்தாரா என்பதைத்தான். உயரம் பிறகு வரும்.

எல்லாச் சிக்கலையும் இது தீர்த்துவிடாது. தமிழ்நாட்டு ஊட்டச்சத்துத் திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் கிராமங்களில் தொடங்கிவிட்டது. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கு அங்கே சோறு கிடைத்தது. அதன்பிறகு ஏறிய எடையில் உருண்டையின் பங்கு எவ்வளவு, சத்துணவின் பங்கு எவ்வளவு? பிரித்துச் சொல்வது கடினம். கனடாவின் ஜான் மேய்ன் வகுத்த 'பங்களிப்புப் பகுப்பாய்வு' இத்தகைய இடங்களுக்கு உதவுகிறது. நாங்கள்தான் செய்தோம் என்று மார்தட்டாமல், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் நடந்ததற்குச் சான்று திரட்டி, மற்ற காரணங்களையும் எடைபோட்டு, எங்கள் பங்கும் இதில் உண்டு என்று நியாயமாகச் சொல்லும் முறை அது. நேர்மையான மதிப்பீட்டாளருக்கு அந்த அளவு போதும்.

என்னை நிரந்தரமாக மாற்றியது ஒரு சிறு கூட்டம். சில ஆண்டுகளுக்கு முன், மானாவாரிப் பகுதி ஊர் ஒன்றின் சமுதாயக் கூடத்தில், வீட்டுக் காய்கறித் தோட்டத் திட்டம் ஒன்றுக்காக உட்கார்ந்திருந்தோம். சுவரில் பழுப்புத் தாள். தாய்மாருக்குப் பயிற்சி, விதைப் பொட்டலம், கொல்லையில் கீரையும் கத்தரியும், குழந்தையின் தட்டில் காய்கறி என்று நான்கு கட்டங்கள், மூன்று அம்புகள். பார்க்க அழகாக இருந்தது. பின்வரிசையில் பேரனை மடியில் வைத்திருந்த ஒரு பாட்டி கேட்டார்: "தண்ணீர் யார் ஊற்றுவது, தம்பி? லாரி மூன்று நாளுக்கு ஒருமுறை வருகிறது. ஆறு குடம் பிடிப்பதற்குள் சண்டை. அதில் கத்தரிச் செடிக்கு ஒரு குடம் என்றால் என் மருமகளை நானே திட்டுவேன்."

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இரண்டாவது அம்பின்மேல் சிவப்பு மையில் 'தண்ணீர்' என்றும், அதற்குக் கீழே 'மாமியார்' என்றும் எழுதினோம். அன்று மாலையே பெண்கள் சிலர் எங்களை ஊர்க் கைப்பம்பு இருந்த இடத்துக்கு அழைத்துப்போனார்கள். குடம் கழுவி ஊற்றும் நீர் வழிந்தோடி, நான்கைந்து சென்ட் நிலம் எப்போதும் ஈரமாகவே கிடந்தது. வீட்டுக்கு வீடு தோட்டம் என்ற கட்டத்தை அடித்துவிட்டு, பம்படியில் ஒரே பொதுத் தோட்டம் என்று எழுதினோம். விதையும் பறிக்கும் முறையும் யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தபோது, பாட்டிமார்கள் கையில் விடலாம் என்று மருமகள்களே சொன்னார்கள்.